அம்மா இடிக்காத தூண்

முதலாண்டுத் திதிக்கு வந்து, பந்தியில் உட்காருமுன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் ஒரே மகன் வணங்கி எழுதுவது. மற்றப் பக்கங்களில் நீங்கள் அனைவரும் அம்மாவைப் பற்றி நல்லதையே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவை அத்தனையும் உண்மை. ஆனால் நம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. துக்க வீட்டு மலரில் எதற்கு என்று விட்டிருப்பீர்கள். ஆயுதபூஜை அன்று அம்மா காரை எடுத்து வாசல் தூணில் இடித்த கதைதான் அது. அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஹனூருக்குப் பக்கத்தில், ராகியும் சோளமும் விளையும் ஒரு சிற்றூரில். நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். மழை பொய்த்த இரண்டு வருடங்களில் அண்ணன்கள் படிப்பை விட்டு வேலைக்குப் போனபோதும் தங்கையின் படிப்பை நிறுத்தவில்லை. கொள்ளேகாலில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மைசூரில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊரிலிருந்து அரசு வேலைக்குப் போன முதல் பெண் அம்மாதான் என்பதைப் பெரிய மாமா இன்றும் பெருமையாகச் சொல்வார்.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். சாவுச் செய்தி, கல்யாணப் பேச்சு, கணவன் மனைவி சண்டை எல்லாம் அவர்கள் காதைத் தொட்டுவிட்டுத்தான் போகும். காதில் விழுந்தது வாய்க்கு வரக்கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். முப்பது வருடப் பணியில் அம்மா அதை ஒருநாளும் மீறியதில்லை. எதிர்வீட்டுக் கல்யாணம் நின்றுபோன செய்தி அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. மறுநாள் அந்த வீட்டார் அழுதுகொண்டு வந்து சொன்னபோது, அப்போதுதான் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டார். இந்தக் குணத்தை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு அரசு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. கல்யாணமான புதிதில் மைசூர் அக்ரஹாரம் பகுதியில் இரண்டு அறை வாடகை வீடு. நான் பிறந்தது அங்கேதான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடி, திரும்பி வந்து சமைத்து, என்னை வளர்த்தார் அம்மா. பிறகு ஊரின் ஓரத்தில், விஜயநகரில் நாற்பதுக்கு அறுபது மனை கிடைத்தது. இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீட்டை எழுப்பினார்கள். சுவருக்குப் பூச்சுகூட இல்லாமல் இரண்டு வருடம் அதில் குடியிருந்தோம். அந்த நிலைமையில்தான் அப்பா ஒருநாள் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடமிருந்து இளநீல நிறத்தில் ஒரு பழைய ஹெரால்டு காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வீட்டுக்குப் பூச்சு இல்லை, இவருக்குக் கார் ஒரு கேடா என்று நீங்கள் பலரும் கேட்டீர்கள். கேட்டவர்கள் அடுத்த மாதமே அதில் சாமுண்டி மலைக்கும் போய் வந்தீர்கள்.

அந்தக் காரைப் பார்க்காத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டே கதவு. முன்பக்கம் முழுவதும், விளக்கு மூக்கு எல்லாம் சேர்த்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின், சக்கரம், அச்சு எல்லாம் கடை பரப்பியதுபோலத் தெரியும். விஜயநகரில் அப்போது மனைக்கு அடையாளக் கற்கள்தான் அதிகம், வீடுகள் குறைவு. அந்தக் காலி வீதிகளில் சாயங்கால வேளைகளில் அப்பா அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அம்மா தன்னைவிட நன்றாக ஓட்டுவதாக அப்பாவே சொல்லியிருக்கிறார். நம் சொந்தத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய முதல் பெண்ணும் அம்மாதான்.

அந்தக் காரில் நானும் ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு கிரீஸ் கன் வாங்கி வைத்திருந்தார். அதன் பிடியை அழுத்தினால் மஞ்சள் கிரீஸ் நெளிந்து நெளிந்து வரும். அதில் எனக்கு அப்படியொரு மோகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரின் முன்பக்கத்தைத் திறந்துவைத்து, கிரீஸ் அடிக்கும் முனை எங்கெங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் பிதுங்கி வழியும்வரை அடிப்பேன். முன்சக்கரம் திரும்பும் இடத்தில், அடியில், பித்தளையில் ஒரு மூட்டு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கால் அதற்குள் மரை சுற்றி நிற்கும். அந்த மூட்டிலும் மற்றவற்றைப் போலவே ஒரு முனை இருந்தது. அதிலும் அடித்தேன். மூன்று வருடம் அடித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தசராவுக்கு யானை ஊர்வலம் பார்க்க ஹனூரிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் நீங்கள் அனைவரும் நம் வீட்டில்தான் வந்து இறங்குவீர்கள். எனக்குப் பதினைந்து வயதான வருடம், ஊர்வலத்துக்கு முதல் நாள் ஆயுதபூஜை. காருக்கு வாழைக்கன்று கட்டி, சேவந்திப்பூ மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார் அப்பா. கற்பூரம் காட்டிப் பூசணிக்காயை உடைத்த பிறகு சாவியை அம்மாவிடம் நீட்டினார். "இந்த வருசம் நீ எடு" என்றார். முற்றத்தில் இருபது பேராவது இருந்தீர்கள். அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பி, வாசலைத் தொட்டு, தெருவில் இடப்பக்கம் திரும்பியது. ஸ்டீயரிங்கை அம்மா முழுவதும் ஒடித்த நேரத்தில் படார் என்று ஒரு சத்தம். கார் முட்டி போட்டதுபோல இடப்பக்கம் சாய்ந்து, இழுபட்டு, வாசல் தூணில் போய் இடித்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. அம்மாவின் கைவளையல்கள் மட்டும் உடைந்து உள்ளங்கையில் கீறியிருந்தன. அது தெரிந்து எல்லாரும் மூச்சு விட்ட பிறகு, பெரிய மாமா வாயைத் திறந்தார்.

"எலுமிச்சங்காயை நசுக்குன்னா, தூணப் போயி நசுக்கிப்போட்டாளே எந்தங்கச்சி!"

முற்றமே சிரித்தது. மாமாவை நான் குறை சொல்லவில்லை. பயம் விலகிய நேரத்தில் வந்த பேச்சு அது. தங்கைமேல் அவருக்கு இருந்த பாசம் ஊரறிந்தது. ஆனால் அந்த ஒரு வரி முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தது. எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது அதை எடுப்பார்கள். பிறந்த குழந்தைகள் வளர்ந்து அவர்களும் சொன்னார்கள். வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட "தூணைப் பார்த்து" என்பது நமக்குள் பழமொழி ஆயிற்று. நானும் சிரித்தேன். அன்றைக்கும் சிரித்தேன், அதன் பிறகு என் மனைவியிடமும் அலுவலக நண்பர்களிடமும் நடித்துக் காட்டியே சிரித்தேன். அம்மா ஓரமாகப் புன்னகைத்துக்கொண்டு காபி கொண்டுவரப் போய்விடுவார். அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

அந்த வாரமே அப்பா என் கையிலிருந்து கிரீஸ் கன்னை வாங்கிக்கொண்டார். "இனிமே நான் பாத்துக்கறேன், நீ எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படி" என்றார். நானும் அதை நம்பிவிட்டேன்.

அப்பா காலமானபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா செய்த முதல் வேலை காரை மூடி வைத்தது. என் உதவியைக் கேட்கவில்லை. இரண்டு ஆட்களை வைத்து, நான்கு பக்கமும் கருங்கல்லும் பலகையும் கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினார். பெட்ரோலை வடித்தார். பேட்டரியைக் கழற்றினார். கைபிரேக்கைத் தளர்த்தி விட்டார். புகைக்குழாய்க்குள் எலி புகாமல் துணி அடைத்தார். தார்ப்பாய் போட்டு மூடலாம் என்று நான் யோசனை சொன்னேன். "வேண்டாஞ்சாமி, அதுக்குள்ள வேர்த்துத் துரு புடிக்கும்" என்று, தன் பழைய நூல்புடவைகள் நான்கைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தினார். பதினான்கு வருடம் கார் ஷெட்டில் அப்படியே நின்றது. என் சொந்தக் கார் பதினான்கு வருடமும் தெருவில் வெயிலில் காய்ந்தது. அதற்காக நான் முணுமுணுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

அமாவாசைதோறும் காலையில் அப்பாவுக்குப் படையல் முடிந்ததும் அம்மா ஷெட்டுக்குப் போவார். புடவைப் போர்வையை விலக்கி, முன்பக்கத்தைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, எஞ்சினின் விசிறியைக் கையால் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றுவார். பிறகு சக்கரங்களைச் சுழற்றிவிட்டு மூடுவார். புருஷன் வாங்கிய காருக்கு அமாவாசைதோறும் பூஜை செய்கிறாள், இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று நீங்கள் கண்கலங்கினீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெகுநாள் கழித்து ஒருநாள் ஏன் அமாவாசையில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அமாவாசைன்னா மறக்காதில்ல" என்றார். அது பூஜை இல்லை, பராமரிப்பு என்று அதற்குப் பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது நடந்தபோது ஒரு கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா சொன்னார்: "காரை ரெடி பண்ணோணும்."

நான் கோபப்பட்டேன். கண் போகிற நேரத்தில் கார் எதற்கு? பெங்களூரில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிட்டு ஷெட்டைக் காலி செய்யலாம் என்றேன். அடுத்த வாரமே அம்மா மாதேஷ் என்ற மெக்கானிக்கைத் தானே தேடிப்பிடித்து வரவழைத்துவிட்டார். மாதேஷும் ஹனூர்ப் பக்கம்தான். ஊர்க்காரர் என்று தெரிந்ததும் இருவரும் கார் பேச்சை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார்கள்.

வேலை இரண்டு வருடம் பிடித்தது. அடித்தகடு துருவேறியிருந்ததை வெட்டி எடுத்து வேறு வைத்தார்கள். பிரேக்கின் ரப்பர்கள் எல்லாம் கல்லாகியிருந்தன. கிடைக்காத சாமானுக்கு மாதேஷ் சேலம் வரை போய் வந்தார். தேவராஜ மொஹல்லாவில் சீட் தைக்கும் பெரியவர் பழைய தையலைப் பிரித்து, அதே அளவில் வெட்டி, அதே கோட்டில் தைத்துக் கொடுத்தார். ஆனால் எஞ்சினைத் திறந்த அன்று மாதேஷ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பதினாலு வருசம் நின்ன வண்டி மாதிரியே இல்லீங்க சார். உள்ள ஒரு சொட்டுத் துரு இல்ல. இப்படி வெச்சிருந்தா எந்த வண்டியும் எந்திரிச்சுக்கும். யாரு சார் பாத்துக்கிட்டது?" அம்மா என்று சொன்னேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

உகாதி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மாதேஷிடம் கொடுத்தனுப்பினார். கார் சம்பந்தப்பட்ட பழைய சாமான்கள் என்றார். பல்பு, பிளக், சாவிகளுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கால், மரை உள்ள இடத்தில் இரண்டாக முறிந்து கிடந்தது. மாதேஷ் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வண்டி எங்கியாவது மோதுச்சுங்களா சார்?"

நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினேன். எலுமிச்சம்பழம் வரைக்கும்தான் போனேன். மாதேஷ் சிரிக்கவில்லை.

"இது மோதி ஒடஞ்சதில்லீங்க. ஒடஞ்சதுனாலதான் மோதியிருக்குது. இங்க பாருங்க, மரைக்குள்ள கிரீஸ் காஞ்சு கல்லாட்டம் கெடக்குது. இந்த எடத்துக்கு எண்ணெய்தான் உடோணும். கிரீஸ் அடிச்சா உள்ள எறங்காது, தண்ணி பூந்து அரிச்சுப்போடும். ஒரு நாளைக்கு ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கறப்ப படக்குன்னு போயிரும். யாரோ வெவரம் தெரியாதவன் செஞ்ச வேலை. ஓட்டுனவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

நான் முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஒரு பாகம் பழுதானால் அது ஏன் பழுதானது என்று கண்டுபிடிப்பது என் உத்தியோகம். பழுதான பாகத்தில் சிவப்புச் சீட்டுக் கட்டி, காரணம் என்ன, பொறுப்பு யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என்னைப் பார்த்தாலே பயப்படுகிற தொழிலாளிகள் உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். காரின் முன்பெட்டியில் கம்பெனிப் புத்தகம் அத்தனை வருடமும் இருந்தது. அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். அந்த மூட்டுக்கு எண்ணெய் என்று படம் போட்டே எழுதியிருந்தது. பன்னிரண்டு வயதில் நான் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

முறிந்த துண்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மாதேஷிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நீங்களே சொல்லீருங்க சார். அதுதான் மொறை" என்றார்.

நான் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தத் துண்டு ஆறு மாதம் என் அலுவலக மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டோ பேப்பரை ஒற்றைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பார். நான் எதையோ பேசிவிட்டு எழுந்துவிடுவேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அம்மாவிடம் இருந்தது, பாவம் என்னிடம் இருந்தது, இரண்டும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கின. மாதேஷிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன், அந்த மூட்டுக்கு எண்ணெயை என் கையால்தான் விடுவேன் என்று. விட்டேன்.

ஆயுதபூஜைக்கு மூன்று நாள் முன்னால் கார் இளநீலத்தில் பளபளத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே வந்தது. இந்த முறை யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வருடம் தசராவுக்கு வீட்டில் வண்ணம் அடிக்கும் வேலை நடப்பதாக உங்களுக்கெல்லாம் நான் சொன்னது பொய். வண்ணம் அடித்தது காருக்கு மட்டும்தான். பூஜையில் நானும் என் மனைவியும் மாதேஷும் எதிர்வீட்டு அம்மாவும் மட்டும் இருந்தோம். நான் கற்பூரம் காட்டினேன். நான்கு எலுமிச்சம்பழத்தை நானே சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். திரும்பினால் அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்க லைசென்ஸ் முடிஞ்சு பல வருசம் ஆச்சு" என்றேன். பரிசோதகன் புத்தி போகுமா?

"தெரியுஞ்சாமி. தூணு வரைக்குந்தான். நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு."

உட்கார்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, "யாரும் வரலை அத்தை" என்றாள். அம்மா சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அடியில எண்ணெய்தான உட்டிருக்கே? கிரீஸ் அடிச்சுடலியே?"

"எண்ணெய்தாம்மா" என்றேன்.

"செரி" என்று சாவியைத் திருப்பினார்.

நான்கு பழங்களும் சக்கரத்துக்கடியில் நசுங்கும் சத்தம் கேட்டது. வண்டி மெதுவாக வாசலுக்குப் போயிற்று. காம்பவுண்டு சுவரை நான் புதுப்பித்துக் கட்டியபோது அந்தத் தூணை மட்டும் இடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. மூலை பெயர்ந்து சிமெண்டு பூசிய அதே தூண் என் பக்கத்து ஜன்னலை ஒட்டி வந்தது. அம்மா ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார், கடைசிவரை ஒடித்தார். கார் வட்டமாகத் திரும்பி, தூணைத் தாண்டி, தெருவில் புங்க மரத்தடியில் போய் நின்றது. கைபிரேக்கைப் போட்டார். எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் மாதேஷ் விசிலடித்ததும் எதிர்வீட்டு அம்மா கைதட்டியதும் கேட்டது.

"எப்பம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே. உங்கப்பா அதைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு வந்து நின்னாரு. அவனைக் கூப்புட்டுக் கேக்கறேன்னாரு. நாந்தான் வேண்டாமின்னேன். பதினஞ்சு வயசுப் பையன், ஆத்தாளக் கொல்லப் பாத்தவன்னு நெனச்சுக்கிட்டே திரியோணுமா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உகாதிக்கு டப்பாவைக் குடுத்துவுட்டனே. நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். கௌரி ஹப்பா, புள்ளையார் சதுர்த்தி எல்லாம் வந்து போச்சு, சொல்லல. செரி, போச்சாதுன்னு உட்டுட்டேன்."

கோபமா அம்மா என்று கேட்டேன். சிறுபிள்ளைபோலத்தான் கேட்டேன். அம்மா முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். பார்வை இருந்த கண்ணால் பார்ப்பதற்கு முழுவதுமாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"கிரீஸ் அடிச்சதுக்கு என்ன கோவம்? ஆசையாச் செஞ்சே. அவங்கெல்லாம் சிரிச்சாங்க, தெரியாம சிரிச்சாங்க. நீயும் சேந்து சிரிச்சியே சாமி. அதுதான் எனக்கு ஆகல."

பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஆய்த்து, முடிஞ்சுது, உடு. எறங்கி வந்து நீ ஓட்டு, வண்டிய உள்ள உடலாம்" என்றார். அன்றைக்குப் பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். உங்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நான் இருக்கற வரைக்கும் வேண்டாம். எங்கண்ணனுக்கு மனசு கஷ்டமாப் போயிரும்" என்றார். காதில் விழுந்ததை வாயில் விடாத ஆபரேட்டர் அம்மா கடைசிவரை அந்த வேலையை விடவில்லை.

அதற்குப் பிறகு அம்மா இருந்தது ஓராண்டுக்கும் குறைவு. இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பேசச் சிரமப்பட்ட நாட்களிலும் இந்த அமாவாசைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தாயா என்று கேட்டார். செய்தேன் என்றேன். அது உண்மை. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போனார். அந்தக் காரை இப்போது கல்லில் ஏற்றி வைக்கவில்லை. அமாவாசைதோறும் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, அதே நூல்புடவைப் போர்வையால் மூடுகிறேன். புடவைகள் இற்றுப்போனதால் இரண்டு இடத்தில் என் மனைவி ஒட்டுப் போட்டிருக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதினோரு நாளும் அம்மாவை ஆத்தா என்று அழைத்துப் பார்த்துக்கொண்ட நர்சுகள். பாடையைத் தூக்கத் தோள் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகள். பதினாறு நாளும் சமைத்துக் கொடுத்தனுப்பி எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அம்மா. சீட் தைத்த கூலியைப் பாதி வாங்கிக்கொண்டு மீதியைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன தேவராஜ மொஹல்லாப் பெரியவர். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லாதபோது, நானே சொல்வதுதான் முறை என்று சொன்ன மாதேஷ். என்னைச் சகித்துக்கொள்ளும் என் மனைவி. இவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று கூடத்தில் அம்மாவின் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், ஒரு பழைய இரும்புத் துண்டை வைத்திருப்பேன். அதில் என் தொழிற்சாலைச் சிவப்புச் சீட்டுக் கட்டியிருக்கும். காரணம்: எண்ணெய் விட வேண்டிய இடத்தில் கிரீஸ். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கும். அம்மாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவே இல்லை. அவர் மறைந்தபின் கேட்கிறேன், உங்கள் அனைவர் முன்னிலையிலும்.

பெரிய மாமா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் மனம் வருந்தக் கூடாது என்பது அம்மாவின் சொல். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பழக்கத்தில் அந்தக் கதை உங்கள் நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடாதீர்கள், சொல்லுங்கள். எலுமிச்சம்பழம், பட்டுப்புடவை, படார் என்ற சத்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தூணை நசுக்கியவர் பெயரை மட்டும் மாற்றி என் பெயரைச் சொல்லுங்கள். எல்லாரும் சிரிக்கட்டும், இந்த முறை நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.